ஒரு கால், ஒரு புள்ளி

டில்லியை ஆண்ட ரசியாவை நம் பொது அறிவு நூல்களில் தேடிப் பாருங்கள். ஒன்றில் ‘ரசியா பேகம்’ என்றிருக்கும், இன்னொன்றில் ‘ரசியா சுல்தானா’. படத்தில் முக்காடும் கையில் ரோஜாவுமாக யாரோ ஒரு அம்மாள், பெண் பார்க்க வந்தவர்கள் எப்போது கிளம்புவார்கள் என்ற முகத்தோடு நிற்பாள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கொதிக்கக் கூடாது என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். மாத்திரைக்கும் அடங்காததற்குக் காரணம், அப்படியொரு நூலின் ஆசிரியர் குழுவில் நானும் இருந்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயது.

திருவொற்றியூரில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆசிரியைக்கு ஒரு யோசனை வந்தது. ஆளுக்கொரு அரசரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, பைண்டு போட்டு, ‘மன்னர் களஞ்சியம்’ என்று பள்ளி நூலகத்தில் வைப்பது. இனி வரும் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் எழுதுவார்களாம். எனக்கு விழுந்த சீட்டு ரசியா.

அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எண்ணூர்ப் பக்கம் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவர். வாரிசு வேலை என்று அம்மாவைச் சேர்த்துக்கொண்டு கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் மல்லுக்கட்டி, அதே கிரேனில் ஏறி உட்கார்ந்தாள் அம்மா. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். கிளை நூலகத்திலிருந்து ஒரு தடித்த வரலாற்று நூலை எடுத்துவந்து எனக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தவள், பாதியில் என்னை மறந்துவிட்டுத் தனக்கே வாசிக்கத் தொடங்கினாள். ரசியா தன் நாணயத்தில் சுல்தான் என்றே பொறித்தவள். குல்லாவும் அங்கியும் அணிந்து, யானைமேல் ஏறி, ஊர் பார்க்க வெளியே வந்தவள்.

அம்மா எதிர்வீட்டு வெல்டிங் கடை பாயிடம் போய், “பாய், சுல்தானான்னா இன்னா?” என்று கேட்டாள்.

“சுல்தானோட சம்சாரத்த அப்டி சொல்றதுதான் தங்கச்சி.”

“அப்போ இந்தம்மா சுல்தான்தான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ரசியாவை மேலே ஏற்றி நான் வரைந்த யானைக்குத் தும்பிக்கையை இன்னும் கொஞ்சம் நீட்டிவிட்டாள்.

தலைப்புகளை ஆசிரியையே தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். என் முறை வந்தது. “ரசியா சுல்தான், மிஸ்” என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். “சுல்தானா?”

“ஆமா மிஸ்.”

சுல்தானா என்று எழுதிவிட்டார். அவர் கேட்டது கேள்வியா, திருத்தமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தமிழில் ஒரு காலைச் சேர்த்தால் ஒரு சுல்தானையே சந்தேகப்பட முடியும். எழுதியதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. எழுத்து அவ்வளவு அழகாக இருந்தது. என் யானையை எடுத்துவிட்டுக் கடையில் வாங்கிய ரோஜாக்காரி படத்தை அவர் ஒட்டியபோதும் திறக்கவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா காலை ஷிப்ட் முடிந்து நேராக வந்தாள். புடவைக்கு மேலே காக்கிச் சட்டை, முழங்கைவரை கிரீஸ். என் பக்கத்தைப் பிரித்தவள் முகம் மாறியது.

“டீச்சர், யாரு இது?”

“ரசியாதாம்மா. உங்க பொண்ணு வரைஞ்சது ஆம்பள மாதிரி இருந்துச்சு. பாக்கிறவங்களுக்கு ராணின்னு தெரிய வேணாமா?”

“சுல்தானான்னா சுல்தானோட பொண்டாட்டி. இவ எந்த சுல்தானுக்குப் பொண்டாட்டி, சொல்லுங்க?”

“உங்க பொண்ணக் கேட்டுத்தான எழுதினேன்!”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மற்ற அம்மாக்களெல்லாம் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். “மிஸ் எழுதினதுதாம்மா சரி” என்றேன்.

அம்மா தலைப்பின் கடைசிக் காலின்மேல் விரலை வைத்தாள்.

“ஒரு எழுத்துதானே, விடுங்கம்மா” என்றார் ஆசிரியை.

“ஒரு எழுத்துதான டீச்சர், மாத்துங்க.”

“பைண்டு போட்டாச்சு. அடிச்சா அசிங்கமா இருக்கும்.”

அம்மா மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். காலை அடித்தாள். ‘ன’வின் தலையில் புள்ளி வைத்தாள். வைத்த வேகத்தில் அது தாளைத் துளைத்து, அடுத்த பக்கத்து அக்பரின் நெற்றியில் பொட்டாக இறங்கியது. ரோஜாக்காரியைக் கிழிக்கக் கை வைத்தபோது நான் ஓவென்று அழுதேன். விட்டுவிட்டாள். ரோஜாக்காரி அந்தப் புத்தகத்தில் அப்படியே நின்றாள், என் புண்ணியத்தில்.

திரும்பும் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே திட்டினேன். “ஒரு எழுத்துக்காக என் மானத்த வாங்கிட்ட. பக்கமே கலீஜாயிட்ச்சு.”

ரயில்வே கேட்டருகே, அவளோடு வேலை செய்கிற ஒருவர் சைக்கிளில் காலூன்றி நின்றுகொண்டிருந்தார். சிரித்தபடி கூப்பிட்டார்: “இன்னா, கிரேன்காரன் பொண்டாட்டி! இஸ்கூல் பக்கம்லாம் வந்துகினுகீற?”

அம்மா நின்றாள். “கிரேன்காரன் நான்தான் நைனா” என்றாள்.

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையைத் துடைத்துக்கொண்டு, வகுப்பில் முதல் மாணவி என்ற பொறுப்புணர்ச்சியோடு அம்மாவைத் திருத்தினேன்: “காரன் ஆண்பால்ம்மா. உனக்கு இலக்கணமே தெரியல.”