பதுர்தீனின் மூக்கு

கட்டாக் கருவாட்டை வயிற்றுப் பக்கமாகப் பிளந்து, மூக்கருகே பிடித்து, கண்ணை மூடிக்கொள்வார் கருவாட்டு வியாபாரி பதுர்தீன். அந்த நேரம் பள்ளிவாசல்துறைக் கரையில் கருவாடு காயவைப்பவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். "ஈரம் போகல்ல, இன்னும் ரெண்டு வெயில் காட்டுங்க" என்று அவர் சொன்னால் காட்ட வேண்டியதுதான். தொண்ணூறில் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த மனுஷனுக்குப் புத்தளத்தில் சோறு போட்டது அந்த மூக்குத்தான்.

முகர்ந்து முடிந்ததும் ஒரு சிகரட். பெட்டியாக வாங்கவே மாட்டார், ஒவ்வொன்றாகத்தான் வாங்குவார். சிக்கனம் என்று நினைத்துவிடாதீர்கள். "பெட்டியில அழுகின நெஞ்சப் படம் போட்டு வெச்சிரிக்கான். விடிஞ்சதும் அதையா பார்க்கிற?" இப்படிப் படம் பார்க்காமலே ஒரு நாளைக்குப் பதினைந்து இழுத்துவிடுவார். இருமல் வந்தால் பழி மதுரங்குளி ரோட்டுப் புழுதிக்கு.

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து வீடே நாறியது. குசினி வாசலில் கதிரை போட்டு, முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. கிணற்றடியிலிருந்து ஓடி வந்த மனைவி ஸக்கியா, அடுப்பை அணைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

"உங்களுக்கு மணக்கல்லயா?"

"தடிமன் புள்ள, மூக்கடைச்சிரிக்கி."

ஸக்கியா விடவில்லை, கிளினிக்குக்கு இழுத்துப் போனார். டொக்டர் ஊதச் சொன்ன குழாயில் பாதிக் காற்றுக்கூட வரவில்லை. "புகை நெஞ்சையும் கெடுத்திட்டுது, மூக்கையும் கெடுத்திட்டுது. இப்பவே விட்டா மணம் கொஞ்சம் திரும்பலாம். நெஞ்சு இன்னும் மோசமாகாமத் தடுக்கலாம்" என்றார். நெஞ்சுக்கு அசையாத மனுஷன் மூக்குக்கு ஆடிப்போனார். ஆனாலும் சிகரட் நிற்கவில்லை. கரையில் கண்ணை மூடி முகர்வதும் நிற்கவில்லை. மூன்று மாதம் அத்தனையும் வெறும் நடிப்பு. பாவம், வேறு என்ன தொழில் தெரியும் அவருக்கு?

பிறகு ஒருநாள், அவர் நல்லதென்று எடுத்த கருவாட்டுக் கட்டு ஒன்று உள்ளே பழுது. குறிஞ்சிப்பிட்டியில் அதைத் தின்ற வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை வயிற்றுப்போக்கில் துவண்டு, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அந்தச் செய்தி வந்த அன்று பதுர்தீன் சாப்பிடவில்லை.

"நாளைக்கு நானும் கரைக்கு வாறன்" என்றார் ஸக்கியா. அவர் மறுக்கவில்லை.

நேற்றுக் காலை நளீர் என்ற மீனவர் ஒரு கட்டாவை நீட்டினார். பதுர்தீன் பிளந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். இருமல் பிடித்துக்கொண்டது, அடங்க நேரமானது.

"எப்படி நானா?" என்றார் நளீர். கரையே காத்திருந்தது.

பதுர்தீன் திரும்பி, அத்தனை பேரும் பார்க்க, கருவாட்டைப் பக்கத்தில் நின்ற ஸக்கியாவின் மூக்கருகே பிடித்தார்.