காதைத் தாண்டிய கை

அந்தச் சிறுமி நாடு கடத்தப்பட்டதற்கு நான்தான் காரணம். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. தங்கச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில் ஆசிரியராக இருந்தேன். பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கும் பொறுப்பும் என்னுடையது. சுரங்கத் தொழிலாளி ஒருவர், இலங்கையிலிருந்து திரும்பிய தன் தங்கையின் மகள் என்று ஒரு சிறுமியை அழைத்து வந்தார். பாஸ்போர்ட்டில் வயது ஐந்து. வழக்கப்படி, தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொன்னேன். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் காதின் நுனி எட்டினாலே பெரிது. அவள் கை காதைத் தாண்டிக் கன்னத்துக்கு வந்தது.

"இன்னா மேஸ்திரி, தேயிலைத் தண்ணி ஊத்தி வளர்த்தாங்களா?" என்றேன். சிறுமி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவளை வெளியே அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட மறைக்கக் கூடாது சார். தங்கச்சி பொண்ணு கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே காய்ச்சல்ல செத்துப்போச்சு. இது பக்கத்து வூட்டுப் பொண்ணு. அப்பன் ஆத்தா ரெண்டு பேருமே இல்ல. செத்த புள்ள பேர்ல தங்கச்சி கூட்டியாந்துட்டா. வெளிய சொல்லிடாதீங்க சார்."

தலையாட்டினேன். அன்று மாலையே காவல் நிலையத்துக்கு எழுதிப் போட்டேன். பொய் என்று தெரிந்தே சேர்த்தால் வேலை போய்விடும் என்ற பயம். சட்டத்தை மதிக்கிறவன் என்ற பெருமையும்தான். ஆதரவற்ற குழந்தைகளைக் காக்க வேண்டும் என்று உலக நாடுகள் கூடி அறிவித்ததை வகுப்பில் நடத்தியவன் நான். அது பரீட்சைக்கான பாடம், அவ்வளவுதான்.

இரண்டு வாரத்தில் போலீசார் வந்தார்கள். அனுமதியில்லாமல் நுழைந்த அயல்நாட்டவள் என்று எழுதிக்கொண்டு, பங்காருபேட்டை ரயிலில் ஏற்றினார்கள். தங்கைக்காரி பிளாட்பாரம் முடியும்வரை ஓடினாள். பிறகு ராமேசுவரத்தில் கப்பலேற்றிவிட்டதாகத் தகவல் வந்தது. அக்கரையில் அவளை அழைத்துப்போக யாருமில்லை.

அதன்பின் எனக்குத் தூக்கமில்லை. இலங்கை அதிகாரிகளுக்கு எழுதி விசாரிக்கலாம் என்று உட்கார்ந்தேன். என்னிடம் இருந்தது செத்த பிள்ளையின் பெயர் மட்டுமே. தொழிலாளியின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். தங்கைதான் திறந்தாள்.

"அந்தப் பிள்ளையோட சொந்தப் பேர் என்னம்மா?"

"எதுக்குங்க சார்? மறுபடியும் எழுதிப் போடவா?"

கதவைச் சாத்திக்கொண்டாள். நான் யாருக்கும் எழுதவில்லை.