மலர் வீட்டுக்குச் சூடு தேடியது

வீட்டைச் சூடாக்கும் கருவிகளை விற்கும் கடைக்கு ஆடி மாதத்தில் வருபவர் எவரும் குளிரை நம்புவதில்லை; தை மாதத்தில் வருபவர் வேறெதையும் நம்புவதில்லை. யாழ்ப்பாணத்தில் தமிழ் வழியில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்ற நான், கனடாவின் ஸ்காபரோவில் என் தம்பி மகன் குகன் நடத்தும் அத்தகைய கடையொன்றின் முன்மேசையில் அமர்ந்து, நம்மவர்க்கு அக்கருவிகளை விளங்கப்படுத்தி வருகிறேன். மாணவர் விடை கிடைத்ததும் அமர்ந்துவிடுவர். வாடிக்கையாளரோ விடையைக் கேட்ட பின்னர்தான் எழுந்து நிற்பர். இந்நகரில் வீடு கட்டிய வாசகர்கள் பட்ட பாட்டை நான் அவர்களுக்கே எடுத்துச் சொல்வது முறையன்று. மலர் என்பவரின் வீட்டில் நாங்கள் பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

பெரியதைப் போடுங்கள்

மலரும் அவர் கணவர் ரஞ்சனும் மல்வேர்னில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிது கட்டிக்கொண்டிருந்தனர். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வகை வீடு. தடித்த சுவர்கள், மூன்று கண்ணாடி பதித்த யன்னல்கள், காற்று நுழைய ஊசிமுனை அளவும் இடைவெளி இல்லை. குகன் வரைபடத்தை ஆராய்ந்து, இந்த வீடு வெளியே இழக்கும் வெப்பம் மிகக் குறைவு, எரிவாயு உலை தேவையில்லை, சிறியதொரு வெப்பப் பம்பியே போதும் என்று சொன்னான்.

ரஞ்சனுக்குச் 'சிறியது' என்ற சொல் பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. மலரின் தந்தை சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியே வசித்தார். சென்ற குளிர்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து, நெடுநேரம் எழ முடியாமல் கிடந்திருக்கிறார். அடுத்த குளிருக்கு முன் அவரைத் தம்மோடு அழைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே மலர் கீழ்த்தளத்தில் ஓர் அறை கட்டுவித்தார். வீடு சூடாக இருந்தால் வருவேன், இல்லையேல் இருந்த இடத்திலேயே இருப்பேன் என்று தந்தை நிபந்தனை விதித்திருந்தார்.

"சின்னன் வேண்டாம் ரீச்சர். என்ர தமையன் வீட்டில பூட்டினதிலும் பெரிசாப் போடுங்கோ. மாமா குளிருது எண்டு ஒரு சொல்லுச் சொன்னால், இவள் என்னைக் கொண்டுபோய் வெளியில ஸ்நோவுக்குள்ள படுக்கவைப்பாள்."

உறவினர் ஆலோசனை

அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் மலர் தொலைபேசியில் அழைத்தார். சனி, ஞாயிறுகளில் நடந்த பிறந்தநாளிலோ பூப்புனித நீராட்டு விழாவிலோ யாராவது ஒருவர் புதியதொரு கருத்தைச் சொல்லியிருப்பார். நிலத்துக்கடியில் சுடுநீர்க் குழாய் பதிக்கச் சொன்னார் ஒருவர். எரிவாயுவைக் கைவிடுவது தற்கொலைக்குச் சமம் என்றார் இன்னொருவர். அவர் வீட்டில் என்ன பூட்டியிருக்கிறார் என்று நான் கேட்டபோது, அவர் இன்னும் வாடகை வீட்டில் இருப்பதாக மலர் சொன்னார்.

ஒரு நாள் மலர் தம் சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்தார். குளிர்ப்பெட்டி தன் உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறமாக வெளியேற்றுகிறது, வெப்பப் பம்பி அதே வேலையைத் திசைமாற்றிச் செய்கிறது, உறைபனியிலும் காற்றில் சிறிதளவு வெப்பம் எஞ்சியிருக்கும், அதைத் திரட்டி உள்ளே கொண்டுவருகிறது என்று படம் வரைந்து விளக்கினேன். என் மாணவியர் இந்தப் பாடத்தில் ஒருபோதும் தவறியதில்லை. சின்னம்மா படத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"வெளியில மனுசர் விறைச்சுச் சாகுற குளிர். அதுக்குள்ள இருந்து சூட்டை எடுக்கிறதெண்டால், ரீச்சர், உது சயன்ஸ் இல்லை, களவு."

கைவைத்துப் பார்த்தவர்

இறுதியில் தந்தையே நேரில் வந்தார். அவருடைய குடியிருப்பைப் போன்ற பழைய கட்டடங்களை அறிந்தவர்க்கு அவருடைய இலக்கணம் விளங்கும். அங்கே யன்னலுக்குக் கீழே உள்ள இரும்புக் குழாய்களில் கொதிநீர் ஓடும். குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. நடுக்குளிரில் சாரம் மட்டும் உடுத்து, யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கலாம். சூடு என்பது தொட்டால் கையைச் சுடும் ஒரு பொருள் என்பதே அவர் கொள்கை.

கடையில் இயங்கிக்கொண்டிருந்த பம்பியின் முன் அவர் உள்ளங்கையை நீட்டினார். இளஞ்சூடான காற்று வந்தது. இதே காற்று இடைவிடாமல் வரும், வீடு முழுவதும் ஒரே சீராக வெதுவெதுப்பாக இருக்கும் என்றேன். அவர் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"என்ர றேடியேற்றரில துவாயைப் போட்டால், நான் தேத்தண்ணி குடிச்சு முடிக்க முதல் காய்ஞ்சிடும். உதில போட்டால் நான் செத்து எட்டுச் செலவு முடிஞ்சாலும் ஈரமாத்தான் கிடக்கும்."

தீர்ப்பு

அவர் போன பின்பு மலர் திரும்பி வந்து, என் சொந்தத் தந்தையாக இருந்தால் நான் எதைப் பூட்டுவேன் என்று கேட்டார். சிறியதைத்தான் என்றேன். பெரியது அந்த இறுக்கமான வீட்டில் சட்டென்று சூடாக்கிச் சட்டென்று நின்றுவிடும்; முதியவருக்கு அது ஒத்துவராது. மலர் கையொப்பமிட்டார்.

"சரி ரீச்சர். அப்பா திரும்பிப் போனார் எண்டால், நான் குகனைக் கேக்கமாட்டன். உங்களைத்தான் கேப்பன்."

குளிர்ந்த வீடு

கார்த்திகையில் குடிபுகுந்தனர். தந்தை தமது குடியிருப்பை விடாமல், சில வாரம் இருந்து பார்ப்பதாகச் சொல்லி வந்திருந்தார். முதற் கடுங்குளிர் வந்ததும் ரஞ்சன் அழைத்தார். வீடு சூடேறவில்லை, மாமா குளிரங்கியும் குரங்குத் தொப்பியும் அணிந்து வரவேற்பறையில் தனியே அமர்ந்திருக்கிறார், வரும் ஞாயிறு திரும்பிப் போவதாக அறிவித்துவிட்டார். அன்றிரவே குகன் சென்று கருவியைச் சோதித்தான். பழுது எதுவும் இல்லை. மறுநாள் அவனோடு நானும் போனேன். கணக்குப் பிழைத்திருந்தால் எங்கே பிழைத்தது என்று கண்டறியாமல் உறங்கும் பழக்கம் எனக்கு இல்லை.

அவர்கள் வீட்டுக் குசினியில் ஒரு பாத்திரம்கூட அழுக்காக இல்லை. அடுப்பு கடையில் இருந்ததுபோல் மின்னிற்று. மதியச் சாப்பாட்டு நேரம். ஆனால் மலரைக் காணோம். வீட்டுக்கும் கராஜுக்கும் இடையிலான கதவு ஓர் அரிசி மூட்டையால் முட்டுக் கொடுக்கப்பட்டு அகலத் திறந்து கிடந்தது. அப்பால் கராஜில் இன்னோர் அடுப்பு. அதன் முன் பனிச்சப்பாத்தும் குளிரங்கியுமாக நின்று மலர் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். புகை போவதற்காகக் கராஜின் பெரிய கதவு முழங்கால் உயரத்துக்குத் தூக்கப்பட்டிருந்தது. குகனின் பம்பி விடியற்காலை முதல் தெருவைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. நம்மவர் வீடுகளில் பாதியில் இந்த ஏற்பாடு உண்டு என்பதை வாசகர் அறிவர், நானும் அறிவேன். ஆயினும் வரைபடத்தில் கராஜ் என்று எழுதியிருந்ததைக் கராஜ் என்றே வாசித்துவிட்டோம்.

"வேற எங்க ரீச்சர் மீன் பொரிக்கிறது? புதுவீடு மணக்காதோ? பிள்ளையளின்ர ஜக்கற் பள்ளிக்கூடம் வரைக்கும் மணக்குமெல்லோ?"

அடுப்பு இடம்மாறியது

கதவைச் சாத்திவிட்டுச் சமைக்கலாமே என்றேன். சட்டியும் கையுமாக நாளுக்கு எத்தனை தடவை திறப்பது என்று மலர் கேட்டார், அது நியாயம். எஞ்சிய வழி ஒன்றுதான்: குசினியில் சமைப்பது. அடுப்புக்கு மேலே வலிய புகைபோக்கி இருந்தது. வீட்டின் காற்றை ஓயாமல் மாற்றும் கருவியும் இருந்தது. மலர் அந்த மின்னும் அடுப்பையும் வரவேற்பறையில் இருந்த குரங்குத் தொப்பியையும் மாறிமாறிப் பார்த்தார். முடிவைச் சுலபமாக்கியவள், அப்போது படியிறங்கி வந்த அவருடைய மகள்.

"அம்மா, மை ஹோல் கிளாஸ் கொத்துரொட்டி மணக்குது. ஹூ கெயர்ஸ்?"

ஞாயிற்றுக்கிழமை

தந்தை போவதாகச் சொன்ன ஞாயிறன்று, கருவியைப் பார்க்கும் சாட்டில் நாங்கள் மீண்டும் சென்றோம். வெப்பமானி இருபத்திரண்டு பாகை காட்டிற்று. தந்தையின் குளிரங்கி கொளுவியில் தொங்கியது. அவர் குசினி மேசையில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, உப்புப் போதாது, புளி கூடிவிட்டது, தாளிதம் கருகுகிறது என்று ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டிருந்தார். மலர் ஒவ்வொன்றுக்கும் உரத்த குரலில் மறுமொழி சொன்னார். ரஞ்சன் காரை எடுக்கவா விடவா என்று தெரியாமல் வாசலில் நின்றார்.

மலர் அகப்பையை வைத்துவிட்டு, என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டு, இன்னும் குளிருதோ என்று தந்தையைக் கேட்டார். அவர் உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டார்.

"குளிர் அப்பிடியேதான் கிடக்கு. ஆனால் நீ கராஜுக்குள்ள நிண்டு கத்தேக்க எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. இஞ்சை எண்டால் திருப்பிக் கத்தலாம். மருமோனைக் காரைப் பூட்டச் சொல்லு, நான் போகேல்லை."

இப்பொழுதெல்லாம் புதுவீட்டு வரைபடத்தோடு வருபவர்களிடம், சுவரின் தடிப்பைக் கேட்பதற்கு முன் மீன் எங்கே பொரிப்பீர்கள் என்று நான் கேட்டுவிடுகிறேன். குகன் இதை விஞ்ஞானம் என்று இன்னும் ஏற்கவில்லை, எனினும் விடையை மட்டும் தவறாமல் குறித்துக்கொள்கிறான்.