காக்கை தொட்ட கார்டய்யாவும் அவருடைய லைஃப் சர்டிபிகேட்டும்

1. செத்தவரிடமிருந்து ஒரு போன்

"கண்ணு, நான் செத்துப் போயிட்டனாமா. பென்ஷன் ஏறலே. கொஞ்சம் என்னன்னு பாரு சாமி."

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் என் இ-சேவைக் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது ஆஸ்திரேலியாவிலிருந்து இந்த போன் வந்தது. மீதி ஷட்டரைத் தூக்க மறந்து, குனிந்தபடியே பேசிக்கொண்டிருந்தேன்.

புதிதாக இ-சேவை மையம் எடுக்கும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். என்னைப் பற்றி ஒரு வரி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கடைப் பலகையில் என் பெயருக்குப் பின்னால் பி.காம். என்று இருக்கிறது. பெயரைவிட அந்த எழுத்து பெரிதாக இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். பெயின்டரிடம் அப்படித்தான் எழுதச் சொன்னேன்.

போனில் பேசியவர் பெரியசாமி ஐயா. வனத்துறையில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் மலையில் எல்லோருக்கும் அவர் கார்டய்யா. மனைவி இல்லை. மகள் வீட்டில் கொஞ்ச காலம் இருக்கலாம் என்று ஆஸ்திரேலியா போயிருந்தார். வெளிநாட்டில் தங்கினாலும் அரசு பென்ஷன் வரும். வருடத்துக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதாக லைஃப் சர்டிபிகேட் கொடுத்தால் போதும். அதற்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் பென்ஷன் நின்றிருக்கிறது.

"மருமவன் நல்ல மனுசந்தான். ஆனாலும் வெத்தலைக்கும் பாக்குக்கும் அவருகிட்ட கை நீட்ட முடியுமா சொல்லு. மொளகு பறிக்க ஊருக்கு வரோணும். அந்த டிக்கெட்டும் என்ற காசுலதான் எடுப்பேன்."

சேந்தமங்கலத்தில் இருக்கும் பென்ஷன் ஆபீசுக்கு போன் போட்டேன். மேடம் ஃபைலைப் பார்த்துவிட்டு, "அவர் இறந்துட்டாரும்மா. தம்பி மகன் நேர்ல வந்து எழுதிக் குடுத்திருக்காரு. மொட்டை கூட அடிச்சிருந்தாரு. பாவம், ரொம்ப அழுதாரு" என்றார்.

2. அழுகை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது

நடந்தது இதுதான். ஆஸ்திரேலியாவில் கார்டய்யா வாக்கிங் போகும்போது ஒரு பறவை பின்னாலிருந்து வந்து மண்டையில் தட்டிவிட்டுப் போயிருக்கிறது. காக்கைதான் என்று அவரே முடிவு செய்துகொண்டார். காக்கை தலையில் தட்டினால் நம் பக்கம் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். தட்டுப்பட்டவர் செத்துப் போனார் என்று சொந்தக்காரர்களுக்குப் பொய்ச் செய்தி அனுப்புவார்கள். அவர்கள் அழுவார்கள். அந்தக் கண்ணீரோடு தோஷம் கழிந்துவிடும். பிறகு, ஆள் நன்றாக இருக்கிறார் என்று இரண்டாவது செய்தி போகும்.

மகளிடம் சொன்னால் திட்டுவாள் என்று கார்டய்யா தன் சாவைத் தானே ஏற்பாடு செய்தார். பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாசி அண்ணனுக்கு போன் போட்டு, "நான் போயிட்டேன்னு நம்மூரு வாசலூர்பட்டியில சொல்லிரு. அழுது முடிச்சதும் இல்லேன்னு சொல்லிரு" என்றிருக்கிறார்.

அம்மாசி அண்ணன் முதல் பாதியை ஒழுங்காகச் செய்தார். இரண்டாவது பாதியை ஏன் அன்றைக்கே செய்யவில்லை என்று டீக்கடைக்கே போய்க் கேட்டேன்.

"ஏனுங்க, அன்னைக்கி அழுகை அவ்வளவு நல்லாப் போயிட்டு இருந்துச்சுங்க. நாலு ஊரு சனம் கூடிப்போச்சு. நடுவுல போயிக் கெடுக்க மனசு வரலே. காலையில சொல்லிக்கலாம்னு உட்டுட்டேன்."

"காலையில சொன்னீங்களா?"

"சொன்னனுங்க. அதுக்குள்ள கந்தன் மொட்டையும் போட்டு மொத பஸ்ஸும் ஏறிட்டான்."

கந்தன்தான் தம்பி மகன். பெரியப்பா வளர்த்த பிள்ளை. அரசாங்கப் பணம் ஒரு பைசா தப்பாக வரக் கூடாது என்று பெரியப்பா சொல்லி வளர்த்ததால், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய் பென்ஷனை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறான். இவ்வளவு நேர்மையான ஆளை என் கடையில் நான் பார்த்ததில்லை.

3. தலையில் ஹெல்மெட்

தங்கைகளே, இந்த இடத்தில் பதறக் கூடாது. வெளிநாட்டில் இருப்பவர் லைஃப் சர்டிபிகேட்டுக்காக விமானம் ஏறி வர வேண்டியதில்லை. இந்தியத் தூதரகத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பலாம். கார்டய்யா இருந்த ஊரிலிருந்து அது வெகு தூரம். இன்னொரு வழி, போனில் முகத்தைக் காட்டும் ஆப். ஆதார் எண், பென்ஷன் எண், நல்ல வெளிச்சம், ஒரு முறை கண் சிமிட்டல். வேலை முடிந்தது.

மகளின் போனில் ஆப்பை ஏற்றச் சொல்லி, இன்னொரு போனில் வீடியோ காலில் நான் வழி சொன்னேன். வெளிச்சத்துக்காக அவரை முற்றத்தில் உட்கார வைத்திருந்தார்கள். தலையில் சைக்கிள் ஹெல்மெட். அதில் சுற்றிலும் பிளாஸ்டிக் குச்சிகள் முள்ளம்பன்றி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

"ஐயா, அதக் கழட்டுங்க."

"மாட்டேன். அந்தக் காக்கா மரத்துக்குள்ளதான் எங்கியோ ஒளிஞ்சிருக்குது. என்னையேதான் பாத்துட்டிருக்கும்."

"ஹெல்மெட்டோட ஆப்பு எடுக்காதுங்க."

"இன்னொருக்கா தட்டுச்சுன்னா இன்னொருக்கா சாவோணும் கண்ணு. அம்மாசிய நம்பி இனி நான் சாவ மாட்டேன்."

வீட்டுக்குள் போய் ஜன்னலோரம் உட்காருங்கள் என்றேன். ஹெல்மெட் கழன்றது. அடர்த்தியான வெள்ளை முடி, எண்ணெய் வைத்து வழித்துச் சீவியிருந்தது. கண்ணைச் சிமிட்டச் சொன்னால் இரண்டு கண்ணையும் இறுக மூடி, கை கூப்பி, சாமி கும்பிட ஆரம்பித்துவிட்டார். அவருடைய பேரன் சிரித்த சிரிப்பில் போன் ஆடி, முகம் போய் மின்விசிறி வந்தது. கடைசியில் பேரன் ஏதோ கோணங்கித்தனம் செய்ய, அதைப் பார்த்து அவர் சாதாரணமாக ஒரு முறை சிமிட்டினார். சர்டிபிகேட் வந்துவிட்டது.

மேடத்துக்கு அனுப்பிவிட்டு போன் செய்தேன்.

"மெஷின் உயிரோட இருக்காருங்குது. சொந்தக்காரரு செத்துட்டாருங்கறாரு. நான் எதை நம்பறது? எழுதிக் குடுத்தவரே வந்து வாபஸ் வாங்கட்டும்" என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

4. மொட்டைக்கு மொட்டை

கந்தன் வர மறுத்துவிட்டான். கடைக்குக் கூப்பிட்டுவிட்டேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தான்.

"வெள்ளிக்கெழம பொண்ணு பாக்கப் போறதா இருந்துச்சுங்க. எழவு ஊடுன்னு அவங்க தள்ளி வெச்சுட்டாங்க. எழவு இல்லேன்னு சொன்னா, பின்ன எதுக்கு மொட்டைங்கறாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்? நான் அழுதது நெசமுங்க. அத யாராவது வாபஸ் தருவாங்களா?"

பி.காமில் இந்தக் கேள்வி வரவில்லை. வீடியோ காலைப் போட்டு பெரியப்பாவையே எதிரில் உட்கார வைத்தேன். அந்த நேரம் பார்த்து பேரன், தாத்தாவைத் தட்டிய பறவை இதுதான் என்று ஒரு படத்தைக் காட்டினான். பாதி கறுப்பு, பாதி வெள்ளை. மேக்பை என்று பெயராம். குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் வருகிறவர் போகிறவர் எல்லோரையும் தட்டுமாம். தபால்காரருக்கும் அடி உண்டாம்.

கந்தன் போனைப் பிடுங்கி உற்றுப் பார்த்தான்.

"பெரியப்பா, இது காக்காயே இல்லியே."

கார்டய்யா பேரன் கையிலிருந்த படத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஆயுசு பூரா காட்டு டிப்பார்ட்மெண்டுல சம்பளம் வாங்கினீங்களே. காக்கா எது, மத்தது எதுன்னு தெரியாதா?"

"பின்னாடி இருந்து தட்டுச்சுடா. மூஞ்சியையா பாத்தேன்?"

"அப்ப என்ற மொட்டை வெட்டி மொட்டையா?"

கார்டய்யா தலையைக் குனிந்துகொண்டார். "தப்புத்தான் சாமி. நீ இப்படி அழுவீன்னு நான் நெனைக்கலே. அம்மாசி சொன்னான். சோறு தண்ணி எறங்கலியாமா உனக்கு."

கந்தன் முகத்தைத் துண்டால் துடைத்தான். பிறகு நிபந்தனை போட்டான். "நான் வாபஸ் வாங்கறேன். நீங்களும் மொட்டை போடுங்க. இப்பவே. நான் பாக்கோணும்."

அவர் அந்த முடியை எண்ணெய் வைத்து எப்படிச் சீவியிருந்தார் என்று நான் பார்த்திருக்கிறேன். ஒரு நிமிடம் தலையைத் தடவினார். பிறகு உள்ளே பார்த்து, "மாப்ளே, அந்தத் தாடி வழிக்கிற மெசின எடுத்தாங்க" என்றார். மருமகன் வழித்துவிட, பேரன் கை தட்ட, கந்தன் கடைசி முடி விழும்வரை கண்கொட்டாமல் பார்த்தான். "காதுக்குப் பின்னாடி இன்னும் இருக்குதுங்க" என்று வேறு சொன்னான்.

மறுநாள் நானும் கந்தனும் சேந்தமங்கலம் போனோம். அவன் வாபஸ் எழுதிக் கொடுத்தான். எதற்கும் ஆளை ஒரு முறை பார்த்துவிடுகிறேன் என்றார் மேடம். வீடியோ காலைப் போட்டு போனை கந்தன் பக்கத்தில் பிடித்தேன். பெரியப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை. இப்போது ஒரே மண்டை. மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல செத்தவரு யாரு, அழுதவரு யாரும்மா?"

"போன்ல இருக்கறவருதானுங்க செத்தவரு" என்றேன்.

"வணக்கம் மேடம்" என்றார் செத்தவர்.

அடுத்த மாதம் பென்ஷன் நிலுவையோடு ஏறியது. கார்டய்யா தன் காசில் டிக்கெட் எடுத்து மிளகு பறிக்க வந்து சேர்ந்தார். கந்தனுக்குப் பெண் பார்க்க, இரண்டு பேருக்கும் முடி முளைத்த பிறகு சேர்ந்தே போனார்கள்.

தங்கைகளே, இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். யாராவது இறந்துவிட்டார் என்று பென்ஷனை நிறுத்த வந்தால், வந்தவரை உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், ஆறுதல் சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே இறந்தவருடைய நம்பருக்கு ஒரு போன் போடுங்கள். படித்தவள் இப்படிச் செய்கிறாளே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

போன வாரம் அப்படி 'இறந்த' ஒருவருடைய நம்பருக்குப் போட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்து, "யாருங்க பேசறது?" என்றார்.