டிஸ்பென்சரியில் ஒரு சுட்டுப்பெயர்

லத்தீனில் ‘இஸ்தே’ என்றொரு சுட்டுப்பெயர் உண்டு. உனக்குப் பக்கத்தில் நிற்பவனைச் சுட்டும் சொல். வழக்கு மன்றத்தில் எதிராளியை இளக்காரமாகக் குறிக்கவும் அதையே பயன்படுத்துவார்கள். குருமடத்தில் என்னோடு லத்தீன் படித்த பலருக்கு இது புரியவில்லை. எனக்கு உடனே புரிந்தது.

அதற்கு முந்தைய விடுமுறையில், இருமிக்கொண்டிருந்த அம்மாவை எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். மருந்து கொடுப்பவர் அம்மாவை நிமிர்ந்தும் பார்க்காமல் என்னிடம் கேட்டார்: “இதுக்கு என்ன?”

லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளிகள் எல்லோரும் அவருக்கு ‘இது’தான். நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அங்கிருந்த தாதியின் பக்கம் திரும்பி, மருந்து கொடுப்பவரைக் கைகாட்டிக் கேட்டேன்: “மிஸ், இது எப்ப மருந்து குடுக்கும்?”

அவர் துள்ளி எழுந்தார். “எவன்டா ஒனக்கு இப்படிப் பேசச் சொல்லிக்குடுத்தான்?”

“நீங்கதாங்கய்யா.”