தள்ளி நிற்கிற லென்ஸ்

வாடகைக்கு ஒரு லென்ஸ்தான் எடுக்க முடியும். முப்பத்தைந்து எம்.எம்.மா, எண்பத்தைந்தா என்று கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வந்து யூடியூப் பார்த்துப் பார்த்தே கண் எரிந்தது. முப்பத்தைந்து என்றால் பக்கத்தில் போக வேண்டும், எல்லோரும் படத்துக்குள் வருவார்கள். எண்பத்தைந்துக்குத் தள்ளி நிற்க வேண்டும். ஒரு முகம்தான் தெளிவாக விழும், மற்றதெல்லாம் கரைந்துபோகும். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். எதையும் படித்துப் பார்க்காமல் செய்ய வராது.

மானாம்பதியில் என் பள்ளித் தோழனுக்குக் கல்யாணம். அவன் கேட்டது ஒன்றுதான்.

"அப்பா போனதுலேர்ந்து அம்மா எந்தக் கல்யாணத்துலயும் மணவறைப் பக்கம் வராது. எனக்கும் தள்ளித்தான் நிக்குமாம், சொல்லிப் பாத்துட்டேன். தாலி கட்டும்போது அதுவும் போட்டோல இருக்கணும்டா."

எல்லோரும் வர வேண்டுமென்றால் முப்பத்தைந்துதான். காஞ்சிபுரம் போய் எடுத்து வந்தேன்.

முதல் நாள் நலங்கிலேயே தெரிந்துவிட்டது. நான் நெருங்க நெருங்க அவன் அம்மா நகர்ந்துகொண்டே இருந்தார். அடுப்படிக்குப் போனால் தோட்டத்துக்கு. அங்கேயும் போனால் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால்.

"என்னிய எதுக்கு நைனா புடிச்சிக்கினு கீற? மூஞ்சில எண்ண வழியுது. போ, மாப்ளய புடி."

மத்தியானம் சாப்பிடாமலே கிளம்பி, உத்திரமேரூரில் பஸ் மாறி, நின்றுகொண்டே காஞ்சிபுரம் போனேன்.

"முப்பத்தஞ்சுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னியேப்பா?" என்றார் கடைக்காரர். எண்பத்தைந்தை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் காலை, தெருவை அடைத்துப் போட்ட பந்தல். மணவறையைச் சுற்றி ஒரே செல்போன் கை. அம்மா கடைசிப் பந்தல்கால் ஓரமாக, கையில் அட்சதையோடு நின்றார். நான் அவருக்கும் பின்னால், சற்றுப் பக்கவாட்டில், சமையல் அண்டாக்கள் பக்கம் போய் நின்றேன். புகையில் கண்ணீர் வழிந்தது. மேளம் வேகமெடுத்ததும் பெண்ணின் தாய்மாமன் கத்தினார்.

"இன்னாபா, போட்டோக்காரரு அங்க இன்னா பண்ணிக்கினு கீறாரு? சோறு இன்னும் வேவல, தாலி இங்க கட்டறாங்க!"

பந்தலே சிரித்தது. அம்மா மட்டும் திரும்பவில்லை.

இந்த லென்ஸில் ஒன்று தாலி தெளிவாக விழும், இல்லை அம்மா. நான் அம்மாவின் கன்னத்தில் ஃபோகஸ் வைத்து அழுத்தினேன்.

பந்தி தொடங்கியதும் தோழன் மாலையோடு வந்தான். கேமராத் திரையைக் காட்டினேன்.

"தாலி எங்கடா?"

"பின்னாடி மஞ்சளா கலங்கலா கீது பார், அதான்."

"மாமா என்னைக் கொன்னுடுவாரு" என்றான். ஆனாலும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் தன் முகத்தைப் பார்க்கவில்லை. இறுக மூடியிருந்த கையைத்தான் பார்த்தார்.

"அய்ய, அரிசியப் போடவே இல்லியா நானு?"

எப்போது முடிந்துகொண்டாரோ, முந்தானை முடிச்சில் அது அப்படியே இருந்தது. தோழன் தலையைக் குனிந்தான்.

"இப்பப் போடும்மா."

அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு முடிச்சை அவிழ்த்தார். எல்லோரும் இலைக்கு முன்னால் இருந்தார்கள். கேமரா என் கழுத்தில்தான் தொங்கியது. அதைத் தூக்க எனக்குக் கை வரவில்லை.