ஓட்டமாவடிக் காக்கா நம்பிய நாக்கு

விரல் நீளத்தில் ஒரு மண்ணிறக் குப்பி. கொரியாவில் வேலை செய்த காலமெல்லாம் அது என் சட்டைப் பையில் இருந்தது, யாருக்கும் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மாங்கேணியில் இறால் வலை வீசியவன் நான். அப்படிப்பட்டவன் காந்தப் பீங்கான் தொழிற்சாலையில் கழுவல் பகுதிக்கே தலைவனானேன் என்றால் சும்மாவா? படித்தவர்கள் எனக்குக் கீழே வேலை செய்தார்கள்.

கைப்பேசிக் கோபுரங்களில் அலையை ஒரே பக்கமாகத் திருப்பிவிடும் கருவி உண்டு. அதற்குள் வைக்கும் கறுத்த வில்லைகளுக்கான தூளை நாங்கள் செய்தோம். உலோக உப்புகளைக் கரைத்துக் காரத்தை ஊற்றினால் சேறு போல அடியில் படியும். அந்தச் சேற்றில் உப்புச் சுவடே இல்லாமல் போகும்வரை கழுவ வேண்டும். மிஞ்சினால் சூளையில் வில்லை பழுதாகிவிடும். கழுவிய நீரில் குப்பி மருந்து ஒரு சொட்டு விட்டால், உப்பு இருக்கிற நீர் வெள்ளையாகக் கலங்கும்.

யாரும் பார்க்காதபோது நான் அந்தச் சொட்டை விட்டுப் பார்த்துக்கொள்வேன். பிறகு எல்லோர் முன்னாலும் ஒரு துளியை நாக்கில் வைத்து, கழுவியது போதும், சூளைக்கு இறக்குங்கள் என்பேன். வாவி கடலில் சேரும் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டியதும் கடல்நீர் வாவியில் எதுவரை ஏறியது என்று எங்கள் ஊர் ஆட்கள் நாக்கால் சொல்வார்களே, அந்த வித்தைதான் இது என்று கதை அளப்பேன். அதை முழுதாக நம்பியவர் ஓட்டமாவடிக் காக்கா. ஓட்டமாவடி ஊர்க்காரர், என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் முறையில் காக்கா என்பேன்; என் அறையில் தங்கியிருந்தவர்.

நான் காய்ச்சலில் படுத்த ஒரு நாள், வேலை நிற்கக் கூடாதே என்று காக்கா தானே நாக்கில் வைத்துப் பார்த்து இறக்கிவிட்டார். சூளையிலிருந்து வந்த வில்லைகள் ஒன்றும் தேறவில்லை. தலைவனைக் கேட்காமல் இறக்கினார் என்று அவரை ஊருக்கு அனுப்பினார்கள். மகளுக்கு வீடு கட்டத் தொடங்கியிருந்தார். சுவர் பாதியில் நின்றது, கலியாணமும் பல வருடம் தள்ளிப்போனது. புறப்படும்போது என் கையைப் பிடித்து, "ஒங்கட நாக்கு எனக்கு வரல்ல தம்பி" என்றார். குப்பி என் சட்டைப் பையிலேயே கிடந்தது.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். மகன் சோறு வைத்தான். பாதிச் சாப்பாட்டில் சொன்னேன்: "காக்கா, அந்த நாக்குக் கதை பொய். ஒவ்வொரு தரமும் குப்பியிலதான் பாத்த நான்."

அவர் சிரித்தார். மகன் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா மனே? என்ட மனம் நோகக் கூடாதெண்டு தன்ட கெட்டித்தனத்தையே இல்லையெண்டு சொல்றார். பெருமையில்லாத மனிசன்."

இல்லை காக்கா, மெய்தான் என்று மறுபடியும் சொன்னேன். என் தட்டில் இன்னும் ஒரு துண்டு மீன் வைத்தார்.